பள்ளிப் பெற்றோர் குழுவில் ஓடியாடி வேலை செய்பவர்களுக்கும் தலைவர்களுக்கும் முட்டிக்கொண்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குத் தகுதி இருக்கிறது. எங்கள் பள்ளியில் முட்டிக்கொண்ட தலைவரே நான்தான்.

"வேலை எங்களுக்கு, பெயர் அவர்களுக்கு" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் துடைப்பம் பிடிக்கிற பக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் சால்வை வாங்கின பக்கம். அதனால் ஒருதலையாகத்தான் பேசுவேன் என்று நினைத்தால் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டு நினையுங்கள்.

வட சென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளி, பெயர் வேண்டாம். இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பது என் தொழில். 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுவை, அதாவது பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து பள்ளியைக் கவனித்துக்கொள்கிற குழுவை, புதிதாக அமைத்தார்கள். மொத்தம் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர். தலைவர் யார் என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் தெரியாத்தனமாக நிமிர்ந்து தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டேன். அப்படித் தலைவரானவள் நான். போட்டி போட்டு, ஆள் சேர்த்து வந்ததாக யாரும் கற்பனை செய்ய வேண்டாம்.

அந்த 20 பேர் பட்டியலில் இல்லாத நான்கு அம்மாக்கள்தான் உண்மையில் பள்ளியைத் தூக்கி நிறுத்தினார்கள். காலையில் கேட் முன்னால் நின்று ஆட்டோக்களை ஒதுக்குவது, மதியம் சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் கூட நிற்பது, எல்லாம் அவர்கள். அவர்களில் மூத்தவர் தள்ளுவண்டியில் இட்லி விற்கிற அக்கா. அதட்டலான குரல், சுத்தமான கை. நான் தைரியமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்த வேலையெல்லாம் அவர் ஒரே சத்தத்தில் முடித்துவிடுவார்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் விவரம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பள்ளியில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு வகுப்பறையில் சேறு, கழிவறையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். டிசம்பர் 11 திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது என்று தெரிந்ததும் அந்த நான்கு பேரும் இரண்டு நாள் உட்கார்ந்து கழுவினார்கள். பிளீச்சிங் பவுடர், ஃபினாயில், தென்னந்துடைப்பம், கையுறை என்று 1,840 ரூபாய்க்கு அக்கா தன் கைக்காசில் அண்ணாச்சி கடையில் வாங்கிப் போட்டார். அந்த இரண்டு நாளும் நான் போகவில்லை. என் வீட்டிலும் தண்ணீர், தையல் மெஷின் மோட்டார் போய்விட்டது, வாடிக்கையாளர் துணி பதினெட்டு உருப்படி நனைந்து கிடந்தது. இதைச் சாக்கு என்பீர்களோ காரணம் என்பீர்களோ, நடந்தது அதுதான்.

திங்கட்கிழமை ஏரியா முக்கியஸ்தர் ஒருவர் வந்தார். பள்ளி பளிச்சென்று இருந்தது. "தலைவர் யாரும்மா?" என்றார். என்னை முன்னால் தள்ளினார்கள். சால்வை போட்டார், போட்டோ எடுத்தார்கள், சாயங்காலமே வாட்ஸாப் குழுவில் "நமது தலைவரின் சீரிய முயற்சியால்" என்று யாரோ போட்டார்கள். நான் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. அக்கா ஒன்றும் எழுதவில்லை. ராத்திரி குழுவிலிருந்து வெளியேறினார். மறுநாள் மற்ற மூன்று பேரும்.

இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. அக்கா செலவழித்த காசைத் திருப்பித் தர வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் "பில் இருந்தால் பார்க்கலாம்" என்றார். நானும் அப்படியே போய், கேட் முன்னால், நாலு பேர் நிற்கும்போது, "அக்கா, பில் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"பில்லா? ஏம்மா, நான் இன்னா உன் காசைத் திருடிக்கினு போயிட்டேனா?"

அன்றிலிருந்து தெருவில் பேச்சு வேறு மாதிரி ஆனது. பள்ளிக்கு வருகிற ஐம்பதாயிரத்தை டீச்சரும் நானும் பங்கு போட்டுக்கொண்டோமாம். நான் புது மோட்டார் வாங்கினது அந்தக் காசிலாம். (மோட்டார் தவணையில் வாங்கியது. ரசீது இன்னும் வைத்திருக்கிறேன்.)

அந்த ஐம்பதாயிரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையக் குழுக்களில் சண்டைக்கு மூலம் இதுதான். அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பள்ளி மானியம் என்று ஒன்று வரும். 101-லிருந்து 250 பிள்ளைகள் வரை இருந்தால் 50,000 ரூபாய். அதில் பத்து சதவீதமாவது சுத்தத்துக்குச் செலவிட வேண்டும். தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் நகரும். அதுவும் நோட்டாக எடுத்துக் கையில் கொடுக்கிற காசு கிடையாது, பில் கொடுத்த கடைக்காரரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். அக்கா கடையில் காசு கொடுத்து வாங்கிய பிறகு அந்தக் கணக்கிலிருந்து அக்காவுக்குத் தர எங்களுக்கு வழியே இல்லை. இது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. நானும் ஒன்றரை வருஷமாக அவர்கள் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்ல முடியும் என்று இருந்துவிட்டேன்.

சமாதானம் பண்ண நான் முதலில் செய்தது வாட்ஸாப் குழுவில் நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அழுகிற குரலில் பேசினேன், அதை வெட்டி எடுத்துப் பக்கத்துத் தெருக் குழு வரைக்கும் அனுப்பி வைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு "நாலு பொம்பளைங்க சேர்ந்தா இப்படித்தான்" என்று கீழே எழுத ஓர் அண்ணன் வருவார். அண்ணா, எங்கள் பட்டியலில் ஆண்களும் இருந்தார்கள். அப்போது கூட்டம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அவர்கள் வந்த நாட்களை எண்ண எனக்கு ஒரு கை போதும். கூலி போகும் என்பார்கள், சரி, எனக்கும்தான் அந்த நேரம் இரண்டு பிளவுஸ் போகிறது.

ஒரு வாரம் கழித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக் கணக்கின் நகலை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எந்த மாதம் எவ்வளவு வந்தது, எந்தக் கடைக்குப் போனது என்று வரி வரியாகக் காட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். கிரைண்டரை நிறுத்தினார்.

"துட்டு கெடக்குதும்மா. அன்னிக்கு உனக்கு சால்வை போட்டாங்கல்ல, நாங்க நாலு பேரும் கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தோம். ஒரு தபா திரும்பிப் பார்த்தியா?"

நான் பார்க்கவில்லை. மன்னிப்பு என்று பெரிதாக எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை. முறத்தில் சின்ன வெங்காயம் கிடந்தது. உட்கார்ந்து உரித்தேன். பத்தரை மணி வரை உரித்தேன். கணக்கு நகலைப் பார்க்கக்கூட இல்லை அதற்குப் பிறகு இரண்டு பேரும்.

உங்களுக்கு உபயோகப்படுகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அதற்கப்புறம் நாங்கள் மாற்றிக்கொண்டவற்றைச் சொல்கிறேன். ஜனவரிக் கூட்டத்துக்கு அந்த நான்கு பேரையும் கூப்பிட்டோம். பட்டியலில் இல்லாதவர்கள் கையெழுத்துப் போட முடியாது, உட்கார்ந்து பேசலாமே. அண்ணாச்சியிடம் பேசி, இனிமேல் பள்ளிக்கு என்று எது வாங்கினாலும் பள்ளி பெயரில் பில், பணம் அவர் கணக்குக்கு என்று முடிவானது. வேலை தொடங்கும் முன்னாலேயே எங்கே வாங்குவது என்று பேசிவிடுவோம். கேட் பக்கத்தில் இருந்த பழைய கரும்பலகையில் வரவு செலவைச் சாக்பீஸால் எழுதினேன். மழை வந்தால் அழியும், திரும்ப எழுதுவேன். யாராவது வந்து பாராட்டினால், வேலை செய்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்திவிடுவேன். அவர்கள் வெட்கப்பட்டாலும் விடுவதில்லை.

நீங்கள் தனியார் பள்ளிப் பெற்றோர் என்றால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிற மேலாண்மைக் குழு அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும்தான். இங்கே எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. ஒவ்வொரு கல்யாணத்திலும் "இன்னும் கார்ப்பரேஷன் ஸ்கூல்லயா படிக்கிறா?" என்று என்னைக் கேட்கிற என் நாத்தனார் வீட்டார், கட்டுகிற பணம் எதற்குப் போகிறது என்று தங்கள் பிள்ளை பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டைத் தாண்டியே விட மாட்டார்களாம். நான் ஐம்பதாயிரத்துக்குக் கரும்பலகையில் கணக்கு எழுதினேன். சரி, கேள்விக்குச் சம்பந்தமில்லாத கதை இது.

அந்த 1,840? தலைமையாசிரியர் பாதி, நான் பாதி என்று எங்கள் கைக்காசைப் போட்டோம். தலைவர் கைக்காசு போடுவது தப்பான முன்னுதாரணம் என்று சொல்வீர்கள், ஒத்துக்கொள்கிறேன். சில்லறை இல்லாததால் 1,800 கொடுத்தேன். அக்கா எச்சில் தொட்டு எண்ணிவிட்டு, "நாப்பது?" என்றார். ஜிபேயில் அனுப்பினேன்.

2024 ஆகஸ்டில் குழுவை 24 பேராக்கி மறுபடி அமைத்தபோது நான் நிற்கவில்லை. என் மகளும் ஐந்தாவது முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். வாட்ஸாப் குழுவில் என்னை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அக்கா அதில் திரும்பச் சேரவே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் இட்லி வாங்கப் போகும்போது சொல்வார்.