என்2 நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்: வார்டு எல்லை பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்தில் பாலிட்டோ, ஹில்க்ரெஸ்ட், ஹில்டன் மாதிரி வசதியான ஊர்களில் குடியிருந்து டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் வேலைக்குப் போய்வரும் நம் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த ஊர்களைச் சுற்றியுள்ள கரும்புக்காட்டு ஊர்களில் தலைமுறையாக வாழ்கிறவர்களும் உண்டு. வார்டு எல்லை பற்றி இரண்டு தரப்பும் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

பாலிட்டோவிலிருந்து: அண்ணா, எங்கள் ஊரில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி, நெடுஞ்சாலைக்கு மேற்கே இருக்கும் கரும்புக்காட்டு வார்டோடு ஒட்டிவிட்டார்கள். ஊரை முழுதாக விட்டால் என்ன குறைந்துவிடும்?

கோடு போடுவது நகராட்சி அல்ல, கட்சியும் அல்ல. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நகராட்சி எல்லை வாரியம் போடுகிறது. அதன் கையைக் கட்டுவது ஒரே ஒரு கணக்கு. நகராட்சியின் பதிவான வாக்காளர் மொத்தத்தை வார்டு எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சராசரி. எந்த வார்டும் அந்தச் சராசரிக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

புரிவதற்காக ஒரு கற்பனை நகராட்சியை எடுத்துக்கொள்வோம். கவுன்சிலர்கள் 59 பேர். வார்டுகள் அதில் பாதி. பின்னம் வந்தால் மேலே ஏற்ற வேண்டும், ஆக 30. வாக்காளர்கள் 1,20,000 என்றால் சராசரி 4,000. ஒரு வார்டில் குறைந்தது 3,400 பேர், அதிகபட்சம் 4,600 பேர்.

கடலோர ஊரில் 9,800 வாக்காளர்கள் என்று வையுங்கள். இரண்டு வார்டாக்கினால் தலைக்கு 4,900 வருகிறது, வரம்பைத் தாண்டிவிட்டது. மூன்றாக்கினால் 3,266 சொச்சம், வரம்புக்குக் கீழே போய்விட்டது. எப்படிப் போட்டாலும் கணக்கு உதைக்கும். ஒன்று 600 பேரையாவது வெளியே தள்ள வேண்டும், அல்லது வெளியிலிருந்து 400 பேரையாவது உள்ளே இழுக்க வேண்டும். உங்கள் ஊரை வெட்டியவர்கள் முதல் வழியை எடுத்திருப்பார்கள்.

இந்தக் கணக்கில் 4,600-க்கும் 6,800-க்கும் இடையில் வாக்காளர் உள்ள ஊரும், 9,200-க்கும் 10,200-க்கும் இடையில் உள்ள ஊரும் முழுதாகத் தப்பவே முடியாது. மூன்று வார்டுக்கு மேல் போனால் அந்த இடைவெளி மறைந்துவிடும்: மூன்று வார்டின் உச்சம் 13,800, நான்கு வார்டின் அடிமட்டம் 13,600. அதனால்தான் பெரிய ஊரைவிடச் சின்ன ஊர்தான் அடிக்கடி வெட்டுப்படுகிறது. கோபப்படுவதற்கு முன் உங்கள் ஊரின் எண் எந்த இடத்தில் விழுகிறது என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

டோங்காட்டிலிருந்து: வார்டு மாறினால் ரேட்ஸ் (சொத்து வரி) ஏறுமா? 

ரேட்ஸ் ஏறாது. 2004-ஆம் ஆண்டுச் சொத்து வரிச் சட்டப்படி, மதிப்பீட்டுப் பட்டியலில் உங்கள் சொத்துக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ அதற்கு, நகராட்சி மன்றம் அந்தச் சொத்து வகைக்கு வைத்த விகிதப்படி வரி. வார்டு எண் அந்தக் கணக்கில் எங்கும் வராது. மாறினால் வித்தியாசம் காட்டுவது நகராட்சியின் வெளி எல்லைதான். டோங்காட் ஈதெக்வினி நகராட்சியில் இருக்கிறது, வடக்கே பாலிட்டோ குவாடுகூசாவில் இருக்கிறது. இரண்டுக்கும் மன்றம் வேறு, கட்டணப் பட்டியல் வேறு. வார்டு கோட்டையும் நகராட்சிக் கோட்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்கள் நிறைய.

ஸ்டாங்கரிலிருந்து: ஐயா, ஆளும் கட்சிக்கு வசதியாகத்தானே கோடு போடுகிறார்கள்? அமெரிக்காவில் நடப்பதுபோல?

அமெரிக்காவில் கோடு போட்டே பெரும்பான்மையைப் பிடிக்கலாம். நம் நகராட்சிகளில் அது நடப்பது மிகக் கடினம், ஏனென்றால் மன்றத்தில் பாதி இடம் கட்சிகள் தரும் வேட்பாளர் பட்டியல் வழியாக நிரப்பப்படுகிறது. வாக்குச்சாவடியில் தரும் வார்டுச் சீட்டில் கட்சி வேட்பாளருக்கு விழுந்த வாக்கும், கட்சிச் சீட்டில் விழுந்த வாக்கும் கூட்டப்பட்டு, அந்த மொத்தத்துக்கு ஏற்ப இடங்கள் கணக்கிடப்படும். வார்டில் வென்ற இடங்களைக் கழித்துவிட்டு மீதியைப் பட்டியலிலிருந்து கொடுப்பார்கள்.

60 இடமுள்ள மன்றத்தில் ஒரு கட்சி 20 சதவீத வாக்கு வாங்கினால் ஏறத்தாழ 12 இடம். கோடு பாதகமாகப் போய் 3 வார்டில்தான் வென்றது என்றால் பட்டியலிலிருந்து 9 பேர் வருவார்கள். சாதகமாகப் போய் 10 வார்டில் வென்றால் பட்டியலிலிருந்து 2 பேர். இரண்டு வழியிலும் 12 தான்.

ஆனால் கோட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். சுயேச்சைக்குப் பட்டியல் கிடையாது. வார்டில் தோற்றால் அவர் வாங்கிய வாக்கு அத்தனையும் வீண். ஒரு தெருவை அந்தப் பக்கம் தள்ளினாலே அவர் கதை முடிந்துவிடலாம். சுயேச்சையாக நிற்க அந்த வார்டு வாக்காளர்கள் 50 பேரின் கையெழுத்து வேண்டும். கோடு மாறியபின் பழைய தெருவில் வாங்கிய கையெழுத்து செல்லாது. மனு அங்கேயே அடிபடும். குடியிருப்போர் சங்கம் வைத்து உள்ளூர்ப் பிரச்சினைக்காக நிற்க நினைப்பவர்கள், சங்கத்தைக் கட்சியாகப் பதிவு செய்துகொண்டால் பட்டியல் வழியும் திறக்கும். நான் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஹில்க்ரெஸ்டிலிருந்து: மேட்டில் நாங்கள், பள்ளத்தாக்கில் அவர்கள். தேவைகள் முற்றிலும் வேறு. ஒரே கவுன்சிலர் இரண்டு பேருக்கும் எப்படி உழைப்பார்? தனித்தனி வார்டு கேட்பது நியாயம்தானே?

கேட்பதற்கு உரிமை உண்டு. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது.

சட்டம் வாரியத்திடம், எண்ணிக்கை வரம்புக்குள் நின்றுகொண்டு பல விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சமூகங்களைத் துண்டாடாமல் இருப்பது, வாக்குச்சாவடிக்குப் போய்வரும் வசதி, மக்கள் நெருக்கம், நிலத்தின் அமைப்பு, வாக்காளரின் பாதுகாப்பு, கண்ணுக்குத் தெரியும் எல்லை. இந்தக் கடைசி ஒன்று சாதாரணமாகத் தெரியும். ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை என்று எல்லை வைத்தால் எல்லோருக்கும் எளிதில் விளங்கும். ஆனால் நடாலில் அந்த ஆறும் ரயில் பாதையும் எதற்குப் பயன்பட்டன? 1950-ஆம் ஆண்டு இன வாரியான குடியிருப்புச் சட்டம் வந்தபின், மக்களைப் பிரித்து வைக்க அவற்றையே வேலியாக்கினார்கள். இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தையே பாருங்கள்: வடக்கே உம்லதூசானா ஆறு, தெற்கே உம்லாஸ் ஆறு, தென்கரைக்கு அப்பால் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய உம்லாசி. கண்ணுக்குத் தெரியும் எல்லையையே பிடித்துக்கொண்டு வார்டு வகுத்தால், பழைய பிரிவினையைப் புது மையில் திரும்ப எழுதியதாகிவிடும். 15 சதவீதக் கணக்குத்தான் பல இடங்களில் ஆற்றைத் தாண்டவும் நெடுஞ்சாலையைத் தாண்டவும் வைக்கிறது. அது தற்செயலாக நடந்தாலும் நல்லதே நடக்கிறது என்பது என் கருத்து.

நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, மறுக்கவில்லை. மேட்டிலிருந்து வரும் புகார் கட்டட அனுமதி, சாலைப் பள்ளம், தெருவிளக்கு. பள்ளத்தாக்கிலிருந்து வருவது பொதுக்குழாய், கழிப்பறை, மழையில் அரித்துப்போன மண்சாலை. மேலும் பள்ளத்தாக்கு நிலத்தில் பெரும்பகுதி சூலு மன்னர் பொறுப்பிலுள்ள இங்கோன்யாமா அறக்கட்டளையின் கீழ் வருகிறது. அங்கே ஒரு காரியம் ஆக வேண்டுமானால் இன்கோசியிடமும் (பாரம்பரியத் தலைவர்) பேச வேண்டும். மேட்டில் மட்டுமே பழகிய கவுன்சிலர் இதில்தான் முதலில் தடுக்கி விழுவார்.

இதற்கு மருந்து வார்டு கமிட்டி. கவுன்சிலர் தலைவர், அவரோடு அதிகபட்சம் 10 உறுப்பினர்கள். இந்தப் பத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. விளையாட்டு, வியாபாரம், பெண்கள், இளைஞர் என்று துறைவாரியாக மட்டும் பிரித்தால், கூட்டத்துக்குக் கார் வைத்திருப்பவர்களே வந்து இடத்தைப் பிடித்துவிடுவார்கள். வாக்குப் பகுதி வாரியாக, அதாவது ஒரு வாக்குச்சாவடியின் பரப்புக்கு ஓர் ஆள் என்று வைத்தால் பள்ளத்தாக்குக்கும் நாற்காலி கிடைக்கும். கூட்டத்தை ஒருமுறை மேட்டு நூலகத்தில், அடுத்தமுறை பள்ளத்தாக்குப் பள்ளிக்கூடத்தில் என்று மாற்றி வைக்கச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வைத்தால் டாக்சி (பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) கிடைக்காது, பள்ளத்தாக்கிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். சனிக்கிழமை காலை உத்தமம்.

ஷாகாஸ்க்ராலிலிருந்து: அண்ணா, எங்கள் பக்கம் ஆள் நெரிகிறது. அப்படியும் வார்டு நீண்டுகொண்டே போகிறது. கடற்கரைப் பக்கம் வார்டு கையளவு. இது எப்படி?

வாரியம் எண்ணுவது தலைகளை அல்ல, பதிவான வாக்காளர்களை. பிள்ளைகள் கணக்கில் இல்லை. குடியுரிமை இல்லாதவர்கள் இல்லை. பதிவு செய்யாதவர்கள் இல்லை. கொல்லைப்புற அறையில் வாடகைக்கு இருப்பவர் பாட்டி ஊரான மாபுமூலோவில் பதிந்திருந்தால், அவர் உங்கள் ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறார், ஆனால் மாபுமூலோ கணக்கில் நிற்கிறார். பதிவு குறைவாக இருந்தால் நம் கற்பனைக் கணக்கின் 3,400 பேரைச் சேர்க்க வார்டு இன்னும் தூரம் ஓட வேண்டியிருக்கும். ஒரு கவுன்சிலர் தலையில் அத்தனை குடும்பமும் விழும்.

இதைச் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது. அடையாள அட்டை எண்ணை 32810-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எங்கே பதிந்திருக்கிறீர்கள் என்று பதில் வரும். தப்பாக இருந்தால் இருப்பிடத்தை மாற்றிப் பதியுங்கள். வாடகைச் சீட்டு இல்லை, தெரு எண் இல்லை என்று தயங்க வேண்டாம்; வீடு எங்கே இருக்கிறது என்று அடையாளம் காட்டினால் போதும். ஆனால் உண்மையாகவே அங்கே வாழ வேண்டும். த்லோக்வே நகராட்சி இடைத்தேர்தல்களில் வெளி ஆட்களை வார்டில் பதிந்திருந்தார்கள் என்ற வழக்கில், 2015-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தேர்தல்களையே ரத்து செய்தது.

சால்ட் ராக்கிலிருந்து: எங்களுக்கு இங்கே விடுமுறை வீடு மட்டும். இங்கே பதியலாமா?

கூடாது. வழக்கமாக எங்கே வாழ்கிறீர்களோ அங்கேதான் பதிவு. ரேட்ஸ் கட்டுவதால் வாக்குரிமை வராது.

வெருலத்திலிருந்து: வரைவு வரைபடம் வந்தபின் ஆட்சேபம் எப்படி எழுதுவது? போனமுறை நூறு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பியும் பலனில்லை.

கையெழுத்து எண்ணிக்கை வாரியத்தை அசைக்காது. எல்லை வகுப்பு அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 14 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சேர வேண்டும். வாரியம் அதைப் பரிசீலித்து, கோட்டை உறுதி செய்யலாம், திருத்தலாம், திரும்பப் பெறலாம். 14 நாள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். ஆகவே வரைவு ஆலோசனைக் காலத்திலேயே வேலையைத் தொடங்கி, கடிதத்தைத் தயாராக வைத்திருங்கள்.

கடிதத்தில் "எங்கள் ஊரைப் பிரிக்காதீர்கள்" என்று மட்டும் எழுதினால் குப்பைக்குத்தான். வாரியத்துக்கு வார்டு என்பது வாக்குப் பகுதிகளைச் செங்கல்போல் அடுக்கிக் கட்டிய வீடு. நீங்களும் அதே செங்கல்லில் பேச வேண்டும். ஒவ்வொரு வாக்குப் பகுதிக்கும் 8 இலக்க எண் உண்டு. எந்த எண்ணை எந்த வார்டிலிருந்து எடுத்து எந்த வார்டில் வைக்கச் சொல்கிறீர்கள், எடுத்தபின் இரண்டு வார்டிலும் எத்தனை வாக்காளர், சராசரியிலிருந்து எத்தனை சதவீதம் விலகல் என்று எழுதுங்கள். ஒரு வார்டிலிருந்து 700 பேரை எடுத்தால் அது (நம் கற்பனைக் கணக்கில்) 3,400-க்குக் கீழே போய்விடும் என்றால், அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்து எடுப்பது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலான ஆட்சேபங்கள் தோற்பது இங்கேதான்: தன் வார்டைச் சரிசெய்துவிட்டு அடுத்த வார்டை உடைத்துவிடுகிறார்கள்.

பிறகுதான் காரணம். பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், கிளினிக் எது, டாக்சி எந்த வழியாக வருகிறது, வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் வாக்குச்சாவடிக்கு நடுவில் பாலம் இருக்கிறதா இல்லையா. மழைக்காலத்தில் மூழ்கும் தரைப்பாலம் இருந்தால் தேதி போட்ட புகைப்படம் வையுங்கள். சொத்து விலை, "எங்கள் மாதிரி ஆட்கள்", எந்தக் கட்சி என்பதையெல்லாம் எழுதாதீர்கள். சட்டம் பார்க்கச் சொன்ன பட்டியலில் அவை இல்லை, படிப்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பக்கத்துக் கிராமத்துக் குழுவும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே திட்டமாக அனுப்பினால் அதன் எடையே வேறு.

ஹில்டனிலிருந்து: தினமும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான் வேலை, கடை, ஆஸ்பத்திரி எல்லாம். ஆனால் வாக்கு ஊம்ங்கெனி நகராட்சியில். வார்டு மனுவில் இதைக் கேட்கலாமா?

வார்டு மனுவில் எடுபடாது. ஹில்டன் ஊம்ங்கெனியிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ம்சுண்டூசியிலும் இருப்பது வெளி எல்லை விவகாரம், அதற்கு வேறு சட்டப் பிரிவு. வேலைக்குப் போய்வரும் பாதை, எங்கே செலவு செய்கிறார்கள் என்பவையெல்லாம் அந்தப் பிரிவில்தான் காரணிகளாக வருகின்றன, வார்டு வகுப்பில் வருவதில்லை. ஆனால் அதே பிரிவு நகராட்சியின் நிதி வலிமையையும் பார்க்கச் சொல்கிறது. ஹில்டனின் ரேட்ஸ் போய்விட்டால் அதே நகராட்சியிலுள்ள ம்போபோமேனி குடியிருப்புக்குச் சாலை போடப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

மவுண்ட் எட்ஜ்கோமிலிருந்து: புது வார்டு எண் வந்துவிட்டது. இப்போது புகாரை எந்தக் கவுன்சிலரிடம் சொல்வது?

பழையவரிடம்தான். புதுக் கோடு அடுத்த பொதுத் தேர்தலில்தான் உயிர்பெறும். நடுவில் வார்டு இடம் காலியானால் 90 நாளுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும், அதுவும் பழைய கோட்டின்படியே நடக்கும். தேர்தலுக்கு முன் வாக்காளர் பதிவுக்கென வார இறுதி நாள் அறிவிக்கும்போது மறக்காமல் போய்ப் பாருங்கள். கோட்டுக்குத் தக்கபடி தேர்தல் ஆணையம் வாக்குப் பகுதிகளையும் திருத்தும், உங்கள் தெரு வேறு சாவடிக்குப் போயிருக்கலாம். புதிதாக வீடு கட்டிய தெருக்களில் இது அதிகம்.