ராத்திரி நெஞ்சு அடைத்தால் வாயு என்று விட்டுவிடலாமா?

ராத்திரியில் நெஞ்சு ஒரு மாதிரி இருந்தால் காலை வரை பார்க்கலாமா, எமர்ஜென்சிக்கு ஓடணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, அப்பாவை ஒரு ராத்திரி கூட்டிக்கொண்டு ஓடியவன், அவ்வளவுதான்.

மணி ஒன்றே முக்கால் இருக்கும். அப்பா கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார். பதினைந்து வருடச் சர்க்கரை. வலி என்று அவர் சொல்லவே இல்லை, "ஏதோ அடைக்குதுடா, அந்தப் பரோட்டா வேலைதான்" என்றார். அம்மா ஓமத் தண்ணீருக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டார், நான் ஈனோ பாக்கெட்டைக் கிழித்துவிட்டேன். முதுகைத் தடவிவிடலாம் என்று கை வைத்தால் பனியன் நனைந்து ஒட்டிக்கிடக்கிறது. மார்கழிக் குளிர், ஃபேன்கூடப் போடவில்லை. கிளம்புங்கள் என்றால் அவர் பீரோவில் சலவை வேட்டி தேடுகிறார்!

போன இடத்தில் முதல் ஈசிஜி நார்மல். உடனே அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். ட்யூட்டி டாக்டர் விடவில்லை, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று எடுத்தார், அதில் மாற்றம் தெரிந்தது, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பு என்றே சொன்னது. மெஷின் வைத்திருப்பவர்களே ஒரு ஈசிஜியை நம்பி வீட்டுக்கு அனுப்பாதபோது, ஏப்பம் வந்துவிட்டது, வாயுதான் என்று நாம் தீர்ப்பு சொல்வது என்ன நியாயம்? சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

அதனால் "இது என்ன?" என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். மோசமானதாக இருந்தால் விடியும் வரை தாங்குமா என்று மட்டும் கேளுங்கள். நெஞ்சு அடைப்போடு வியர்வை, மூச்சுத்திணறல், இடது கைக்கோ தாடைக்கோ இழுக்கும் வலி என்றால் தாங்காது. வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தொங்குவது, பேச்சு குழறுவதும் அப்படித்தான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கணக்கு நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து இல்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. சிடி ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரியாகப் போங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே கிளம்பிவிடுங்கள். பெரியவர்களுக்கு வெறும் காய்ச்சல், தண்ணீர் இறங்குகிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள், வழியில் மயங்கினால் மூன்று பேருமே விழ வேண்டியதுதான். 108-ஐக் கூப்பிடுங்கள், காசு கிடையாது. கிராமமாக இருந்தால், தமிழ்நாட்டில் 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள், உங்கள் ஊரில் ராத்திரி ஆள் இருப்பார்களா என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதை மறந்துபோய், அம்மா போனில் ஒவ்வொரு அட்டையாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

எட்டு மாதம் கழித்து மறுபடி ஓடினோம், அந்தத் தடவை நிஜமாகவே வாயு. மச்சான் இன்னமும் விசேஷத்துக்கு விசேஷம் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்துதான் சிரிக்கிறார்.