நானோ படிப்புக்குக் கடன் வாங்கலாமா? வண்ணாரப்பேட்டைத் தாய் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த தங்கள் மகள், மூளைப் புற்றுநோயை நானோ துகள்களால் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களால்) கண்டறிந்து சிகிச்சை அளிக்கும் ஆராய்ச்சிக்குப் போக விரும்புவதாகவும், அதற்காகக் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் பி.டெக். நானோ டெக்னாலஜி சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடன் வாங்க வேண்டாம். அவளுடைய ஆசை சரியானது. அங்கே போய்ச் சேரும் வழிதான் வேறு.

அந்த ஆராய்ச்சி எதற்காக என்பதைத் தாங்களும் அறிந்திருப்பது நல்லது. கிளையோபிளாஸ்டோமா என்னும் கடுமையான மூளைப் புற்றுக்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, டெமோசோலமைடு மாத்திரை ஆகிய மூன்றுமே இன்றும் அடிப்படைச் சிகிச்சை. 2005இல் வெளியான பெரிய மருத்துவ ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (அதாவது பாதிப்பேர் உயிரோடு இருந்த காலம்) 12.1 மாதங்களாகவும், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதங்களாகவும் இருந்தது. மூளையின் நுண்குழாய்களில் சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி இறுகியிருப்பதால், இரத்தத்தில் செலுத்தும் மருந்துகளில் பெரும்பாலானவை கட்டியை எட்டுவதே இல்லை.

இதற்குத்தான் கலப்பு நானோ துகள்களை உருவாக்குகிறார்கள். நடுவில் இருக்கும் இரும்பு ஆக்சைடு எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியைக் காட்டும். மாறும் காந்தப்புலத்தில் சூடாகி, அந்தச் சூட்டால் கட்டியைத் தாக்கவும் செய்யும். அதைச் சுற்றியுள்ள நுண்துளைச் சிலிக்கா மருந்தைச் சுமக்கும். வெளிப்பூச்சான பாலிமர், துகளை உடல் உடனே வெளியேற்றிவிடாமல் காக்கும். இரும்பு ஆக்சைடு துகள்களைக் கட்டிக்குள்ளேயே செலுத்திச் சூடேற்றும் ஒரு ஜெர்மானிய முறை 2010இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. ஆனால் பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் துகள்களில் பெரும்பாலானவை இன்னும் எலிகளைத் தாண்டி மனிதரிடம் வரவில்லை. தங்கள் மகளின் தலைமுறைக்கு வேலை மிச்சமிருக்கிறது என்றே இதை நான் பார்க்கிறேன்.

அந்த நடுத்துகளை ஆய்வகத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். இருவகை இரும்பு குளோரைடுகளை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் நீரில் கரைத்து, காற்றுப் படாமல் சூடாக்கி, அமோனியாவைச் சேர்த்தால் கரைசல் நொடியில் கறுத்துவிடும். குடுவையின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் அந்தக் கறுப்பு முழுவதும் அந்தப் பக்கமே ஒதுங்கும். இது முழுக்க வேதியியல். அடுத்தடுத்த படிகளில் இயற்பியலும் செல் உயிரியலும் சேரும். ஆகவே இளநிலையிலேயே "நானோ" என்ற பெயருள்ள பட்டத்தில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுச் செல்வதைவிட, ஒரு அடிப்படை அறிவியலை ஆழமாகக் கற்றவர்களுக்கே பிற்பாடு கதவுகள் அதிகம் திறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கல்லூரி அரசுக் கல்லூரி. கட்டணம் மிகக் குறைவு. அங்கே பி.எஸ்சி. வேதியியலை முதல் விருப்பமாகவும் இயற்பியலை இரண்டாவதாகவும் எழுதுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாம் ஆண்டில் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வை எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டாலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் இருக்கிறது. வேதியியல் துறைகளும் நானோ அறிவியல் மையமும் அங்கேயே உள்ளன, வண்ணாரப்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மெட்ரோவில் வண்டி மாறாமல் போகலாம். ஜாம் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் என்பதால், தமிழ்வழியில் படித்தவள் முதலாண்டிலிருந்தே ஆய்வகக் குறிப்பேட்டைத் தானே சொந்த ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும்.

சம்பாத்தியம் எப்போது என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாண்டில் சம்பளம் கட்டாயம் வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால், இந்தப் பாதை பொருந்தாது; நர்சிங்கோ, ஸ்கேன் எடுக்கும் ரேடியாலஜி தொழில்நுட்பப் படிப்போ பார்க்கலாம். ஐந்தாண்டு பொறுக்க முடியுமானால், எம்.எஸ்சி.க்குப் பின் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் படிப்பில் சேர்பவருக்கு, 2023இல் உயர்த்தப்பட்டபடி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை உண்டு. வீட்டு வாடகைப்படி தனி. அதற்கு முன் வரும் ஐந்தாண்டுச் செலவை மட்டும் வீட்டில் உட்கார்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கணக்கிடுங்கள்.