ஸ்டேஷனில் படித்தது பி.எச்டி.க்கு ஆகாதா?

வாசகர் கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். ரயில்வே ஸ்டேஷனில் 1098 குழந்தைகள் உதவி மையம். வீட்டை விட்டு ஓடிவரும் பிள்ளைகளை மீட்டு, மறுபடி வீட்டில் சேர்க்கும் வேலை. 2023-ல் 1098-ஐ அரசே நடத்தத் தொடங்கியதும் எங்கள் புராஜெக்ட் முடிந்துபோனது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வில் தேறியிருந்ததால் ஒரு சுயநிதிக் கல்லூரியில் சமூகப் பணித் துறையில் சேர்ந்துவிட்டேன். பகுதிநேர பி.எச்டி.க்கும் பதிவு செய்திருக்கிறேன். வீட்டில் சேர்த்த பிள்ளைகளில் சிலர் ஏன் மறுபடி ஓடிவருகிறார்கள்? இதுதான் நான் ஆராய விரும்புவது. என் ஆய்வு வழிகாட்டியான கைடோ, "அது புராஜெக்ட் ரிப்போர்ட். 300 பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்து எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருளில் போடுங்க, சீக்கிரம் முடியும்" என்கிறார். ஆய்விதழில் கட்டுரை போடலாம் என்றால் பணம் கேட்கிறார்கள். பேசாமல் களத்துக்கே திரும்பிவிடலாமா என்றிருக்கிறது. பழைய கேஸ் டைரிகள் என்னிடம் உள்ளன. அவற்றை வைத்து எழுதலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த டைரிகளை ஆய்வுக்குத் தொடாதீர்கள். பிள்ளைகளைப் பற்றிய அறிக்கைகள் ரகசியமானவை என்று இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. பிள்ளையை அடையாளம் காட்டுகிற எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அதன் 74-வது பிரிவு. பெயரை மாற்றிவிட்டால் போதாதா என்பீர்கள். போதாது. எந்த ஊர், எந்த ரயிலில் வந்தான், அப்பா என்ன தொழில், எந்த ஓட்டலில் வேலைக்கு நின்றான் என்று நாலு விவரம் சேர்ந்தால் அந்த ஊர்க்காரர்கள் பையன் யாரென்று சொல்லிவிடுவார்கள். அந்தக் குடும்பம் உங்களிடம் பேசியது பிள்ளை பத்திரமாக வீடு சேர வேண்டும் என்பதற்காக. உங்கள் தீசிஸுக்காக அல்ல. டைரிகளைப் பழைய நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுங்கள்.

சரி, இனி களமா கல்லூரியா என்பதற்கு வருவோம். நீங்கள் இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பார்க்கிறீர்கள். நீங்கள் ஏழு வருடம் சுமந்த 1098 எங்கிருந்து வந்தது? மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஆசிரியையாக இருந்த ஜெரூ பில்லிமோரியா 1996-ல் அங்கே ஒரு களத் திட்டமாகத் தொடங்கியதுதான் சைல்டுலைன். அதற்கு முன்பே, 1984-ல், அதே நிறுவனம் மும்பைக் காவல் துறைக்குள் பெண்களுக்கான சிறப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியிருந்தது. அடிபட்டு வரும் பெண்களிடம் காவல் நிலைய வளாகத்திலேயே சமூகப் பணியாளர் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு அது. இரண்டுமே வாத்தியார்கள் செய்த காரியங்கள்.

உங்கள் கல்லூரியில் இதெல்லாம் நடக்காது என்பது எனக்கும் தெரியும். வகுப்பு முடிந்தால் நாக் தர மதிப்பீட்டுக்கான ஃபைல், அது முடிந்தால் அட்மிஷனுக்குப் பள்ளி பள்ளியாக அலைச்சல். புதிய திட்டம் தொடங்கு என்று உங்களிடம் சொன்னால் அது அநியாயம். ஆனால் வாரம் இரண்டு நாள் உங்கள் மாணவர்கள் களப்பணிக்குப் போகிறார்கள் இல்லையா? இதை மட்டும் எந்த நிர்வாகமும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கைடு. அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சமூகப் பணியில் வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வருகிற எக்ஸாமினர்களில் பலர் முதலில் புரட்டுவது எத்தனை ரெஸ்பாண்டண்ட், என்ன டெஸ்ட் போட்டார் என்ற பக்கத்தைத்தான். மாணவி அங்கே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று கைடு பயப்படுகிறார். ஆனால் அந்தப் பயத்தாலேயே நம் துறை நூலகங்களில் ஒரே மாதிரித் தீசிஸ்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. வயது, மதம், மாத வருமானம், திருமண நிலை என்று அட்டவணைகள், அப்புறம் கை ஸ்கொயர் என்று ஒரு புள்ளியியல் சோதனை, கடைசியில் "அரசு விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும்" என்று பரிந்துரை. கேள்வித்தாளை நான் குறை சொல்லவில்லை. அதைக் கொண்டு பிடிக்கக்கூடிய கேள்வியும் உண்டு, பிடிக்க முடியாததும் உண்டு. மறுபடி ஓடிப்போன 300 பிள்ளைகளை எந்த முகவரியில் போய்த் தேடுவீர்கள்? கிடைப்பவர்கள் விடுதியில் இருக்கும் பிள்ளைகள்தான். பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க, "வீட்டை விட்டு வந்ததற்குக் காரணம்: அ) வறுமை ஆ) அடி இ) நண்பர்கள்" என்று கேட்டால் எதையாவது டிக் பண்ணிவிட்டுப் போவார்கள்.

நானாக இருந்தால் பிள்ளைகளிடமே போகமாட்டேன். உங்கள் கேள்வியைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். ஒரு பிள்ளை வீடு திரும்பலாம் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

சட்டத்தில் வழி தெளிவாக இருக்கிறது. மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் நீங்கலாக. சமூக விசாரணை அறிக்கையை 15 நாளுக்குள் முடிக்க வேண்டும், குழு நாலு மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட ஏதுவாக. (நம் ஆட்கள் இதை எஸ்.ஐ.ஆர். என்பார்கள். வாக்காளர் பட்டியல் விவகாரத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.) நடப்பில் அந்தப் பதினைந்து நாள் எப்படிப் போகிறது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். பையனின் வீடு வேறு மாநிலம். அங்கே யாரோ ஒருவர் போய்ப் பார்த்து அனுப்பிய அரைப் பக்கம் வருகிறது. அம்மா போனில் அழுகிறாள், "அனுப்பி வையுங்க சார், இனி அடிக்க மாட்டோம்" என்கிறாள். பையன் தலையைக் குனிந்துகொண்டு "போறேன்" என்கிறான். அந்த நிமிடத்தில் ஒரு சமூகப் பணியாளர் எதை நம்புகிறார்? எப்போது, "இல்லை, இன்னும் ரெண்டு வாரம் இங்கேயே இருக்கட்டும்" என்று எழுதுகிறார்? விடுதியில் இடமில்லாத வாரத்தில் அவருடைய முடிவு மாறுகிறதா?

இதைக் கேட்க வேண்டியவர்கள் பெரியவர்கள். 1098 பணியாளர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருப்பவர்கள், குழு உறுப்பினர்கள், ஓய்வு பெற்றவர்கள். இருபத்தைந்து முப்பது பேரிடம் ஆற அமர உட்கார்ந்து பேசினாலே நிறைய வரும். உங்கள் ஏழு வருடம் வேலைக்கு ஆவது இந்த இடத்தில்தான். வெளியாள் ஒருவர் "ஃபாலோ அப் செய்கிறீர்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. நீங்கள் "மூணாவது மாசம் ஃபாலோ அப் போனிலயா, நேரிலயா? ஜீப்புக்கு டீசல் யார் போட்டா?" என்று கேட்பீர்கள். அதே ஏழு வருடம் உங்களுக்குத் தடையாகவும் நிற்கும். பதில் தெரிந்த மாதிரியே தோன்றும், எதிரில் இருப்பவரை முடிக்க விடமாட்டீர்கள். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும், நான் எதிர்பாராமல் அவர் சொன்னது என்ன என்று நாலு வரி எழுதி வையுங்கள். எழுத ஒன்றுமே இல்லையென்றால் நீங்கள்தான் அதிகம் பேசியிருக்கிறீர்கள்.

கைடுக்கு எண்ணும் வேண்டும் என்றால் கொடுங்கள். பெயர் விவரம் எதுவும் இல்லாமல், வருடத்துக்கு எத்தனை பேர் வீடு சேர்ந்தார்கள், எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்ற தொகையை மட்டும் மாவட்ட அலகிடம் முறைப்படி கேட்கலாம். இந்தத் திட்டத்தை இரண்டு பக்கத்தில் எழுதி, உங்கள் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டியில் வையுங்கள். கைடின் அறையில் தனியாக வாதாடுவதைவிட இது நல்லது. கமிட்டியின் மற்ற உறுப்பினர்கள் "செய்யட்டுமே" என்று ஒரு வார்த்தை சொன்னால் கைடுக்கும் பாரம் குறையும்.

அவசரமும் இல்லை. 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வுதான் குறைந்தபட்சத் தகுதி, பி.எச்டி. கட்டாயமில்லை. உங்களிடம் நெட் இருக்கிறது. இணைப் பேராசிரியர் ஆகத்தான் பி.எச்டி. வேண்டும். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பி.எச்டி.க்கு ஆறு வருடம் வரை அவகாசம், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடச் சலுகை உண்டு. சீக்கிரம் முடியும் என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிக்காத தலைப்பை எடுத்தால், பகுதிநேரக்காரர்கள் இரண்டாம் வருடத்தில் கழன்றுகொள்வதுதான் நான் அதிகம் பார்த்தது.

இப்போது அந்தக் களப்பணி. மாணவர்களின் ரிப்போர்ட்டை எப்படித் திருத்துகிறீர்கள்? "தாயைச் சந்தித்தேன். அவருக்கு ஆலோசனை வழங்கினேன். அவர் புரிந்துகொண்டார்." இப்படித்தானே வருகிறது? கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். "அவர் சொன்னது என்ன? நீ சொன்னது என்ன? அதற்கு அவர் என்ன சொன்னார்? அப்போது உனக்கு என்ன தோன்றியது?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். முதல் மாதம் திட்டுவார்கள். மூன்றாவது மாதம் ஒரு மாணவி இப்படி எழுதிக்கொண்டு வருவாள்: "பையனைத் திரும்ப ஸ்கூலுக்கு அனுப்புங்க என்றேன். 'அனுப்பறேன்மா, நீ வந்து அவனுக்கு டி.சி. வாங்கித் தருவியா' என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை." இந்த மூன்று வரியில் ஒரு கட்டுரைக்கு விஷயம் இருக்கிறது. சமூகப் பணித் துறையின் முன்னோடி மேரி ரிச்மண்ட் கல்லூரிக்கே போகாதவர். பல அமைப்புகளின் கேஸ் குறிப்புகளைப் படித்துப் படித்துத்தான் 1917-ல் 'சோஷியல் டயக்னாசிஸ்' எழுதினார். நாம் வகுப்பில் அவர் பெயரைச் சொல்லிவிட்டு, நம் மாணவர்களின் ரிப்போர்ட்டை வருடக் கடைசியில் எடைக்குப் போடுகிறோம். இந்த ரிப்போர்ட்டுகளைப் பயன்படுத்தவும் அனுமதி வேண்டும், மறந்துவிடாதீர்கள். மாணவர்களிடமும், அவர்கள் போகும் ஏஜென்சியிடமும்.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வரும் என்பவர்களிடம் போகாதீர்கள். தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி. 2022-லேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யு.ஜி.சி. அங்கீகரித்த 'கேர் பட்டியல் இதழ்' என்று காட்டி வசூலிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். டாடா நிறுவனம் 1940-லிருந்து நடத்தும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சோஷியல் ஒர்க்' போன்ற ஒன்றுக்கு அனுப்புங்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஒருவேளை திரும்பியும் வரும். ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து படித்துக் குறிப்பு எழுதி அனுப்புவார்கள். உங்கள் கைடு செய்யாத வேலை அது.

வேலையை விட வேண்டாம். மே மாதம் பழைய நண்பர்களோடு ஸ்டேஷனில் போய் நில்லுங்கள், போதும்.

ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு குழு இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள், மாதங்கள் ஆகும். விண்ணப்பத்தில் ஒரு பத்தி தவறாமல் இருக்கட்டும். பேட்டியின் நடுவில் யாராவது ஒரு பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் கொடுமை பற்றிச் சொன்னால், போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கும் உண்டு. ஆய்வாளர் என்று விலக்கு கிடையாது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. "நீங்கள் சொல்வதெல்லாம் ரகசியம்" என்று ஒப்புதல் படிவத்தில் மொத்தமாக எழுதிவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள். எதை ரகசியமாக வைக்க முடியாது என்பதை, பேச்சு தொடங்கும் முன் அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள்.