ரப்பர் ஷீட்டில் மின்சாரம் ஏன் வராது?

கரிமப் பாலிமரில், அதாவது கார்பன் அணுக்கள் நீளமாகக் கோத்த சங்கிலி மூலக்கூறில், சூரிய மின்கலம் செய்கிறார்கள். “ரப்பரும் கரிமப் பாலிமர்தானே, அதில் சூரிய மின்கலம் செய்ய முடியாதா?” என்று குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் விவசாயி கேட்டிருக்கிறார்.

சிரட்டையில் சொட்டும் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட்டாக அடித்துக் காயப்போடுகிறோமே, அதற்குள் இருப்பது ஐசோப்ரீன் சங்கிலி. கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் அதிலும் உண்டு. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று ஒற்றைப் பிணைப்புகள். எலக்ட்ரான் அங்கங்கே முடங்கிவிடுகிறது. மின்கலப் பாலிமரில் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருவதால் எலக்ட்ரான் சங்கிலி நெடுக உலாவும். அந்தப் பாலிமர் வெயிலையும் நன்றாக உறிஞ்சும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒளி பட்டதும் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் பிணைந்தே நகர்கின்றன. சுமார் 10 நானோமீட்டருக்குள் பிரிக்காவிட்டால் ஆற்றல் வீண். எனவே எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளையும் வாங்கும் பொருளையும் நுண்ணிழைகளாகப் பின்னிக் கிடக்கும்படி கலந்து பூசுகிறார்கள். வெயிலை மின்சாரமாக்குவதில் இந்தக் கரிம மின்கலங்களுக்கு 1986-இல் சுமார் 1 சதவீதமாக இருந்த செயல்திறன், 2019-இல் ஒய்6 என்ற வாங்கி மூலக்கூறு வந்ததும் 15 சதவீதத்தைத் தாண்டியது.

என் கவலையெல்லாம் ஆயுளைப் பற்றித்தான். ஈரமும் ஆக்சிஜனும் இந்தப் படலங்களை அரிக்கும். குளச்சல் கடற்கரையில் இரண்டுக்கும் குறைவில்லை. இன்றைக்கு வீட்டுக் கூரைக்குச் சிலிக்கான் பலகையையே வாங்குங்கள்.