பேக் கியரில் பல் போனால் வெல்டிங் வைக்கலாமா?

கேள்வி: பழைய லேத் ஒன்று வாங்கினேன். பேக் கியரின் (லேத்தின் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கர அமைப்பு) பெரிய சக்கரத்தில் அடுத்தடுத்து இரண்டு பற்கள் இல்லை. மாற்று கியர் கிடைக்கவில்லை. ஆர்க் வெல்டிங்கில் ஏற்றி, அரத்தால் அராவிக்கொள்ளலாமா?

பதில்: ஆர்க் வேண்டாம். அந்தக் காலத்து லேத்களில் இந்தச் சக்கரம் பெரும்பாலும் வார்ப்பிரும்புதான். சாதாரண ராடால் ஏற்றினால் வெல்டிங் ஓரம் கண்ணாடி மாதிரி இறுகிப்போகும், அரம் வழுக்கும். ஆறும்போதே பக்கத்துப் பல்லின் அடியில் கீறல் விடவும் கூடும். சந்தேகம் இருந்தால் சக்கரத்தின் பக்கவாட்டில் சின்னதாக டிரில் போட்டுப் பாருங்கள். கறுப்புப் பொடியாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு. சுருள் சுருளாக வந்தால் ஸ்டீல். சிறிய லேத்களின் சேஞ்ச் கியர்கள் (மரை வெட்ட மாற்றிப் போடும் பல்சக்கரங்கள்) சில துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அவை 400 டிகிரிக்கு முன்பே உருகிவிடும், நெருப்பைக் காட்டவே கூடாது.

உங்களுக்கு ஏற்றது கேஸ் வைத்துப் பித்தளை ஏற்றுவது. பேக் கியர் மெதுவாகச் சுற்றுவது. பித்தளைப் பல் அங்கே தாங்கும்.

சக்கரத்தைக் கழற்றி, உள்ளே புஷ் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. உடைந்த இடத்தைப் பல்லின் அடிமட்டத்துக்குக் கீழே 2 மி.மீ. வரை பள்ளமாக்குங்கள். பித்தளை பிடித்துக்கொள்ள அந்தப் பரப்புதான் ஆதாரம். இங்கே கிரைண்டரைவிட அரம் நல்லது. கிரைண்டர் வார்ப்பிரும்பில் உள்ள கிராஃபைட்டை மேலே இழுத்துப் பூசிவிடும், பித்தளை ஒட்டாமல் உருண்டு ஓடும். முழுச் சக்கரத்தையும் சீராகச் சூடேற்றி, பழுது இடம் மங்கலான சிவப்புக்கு வந்ததும் ஃப்ளக்ஸோடு (உலோகம் ஒட்ட உதவும் பொடி) பித்தளை ராடை விடுங்கள். துத்தநாகப் புகை வரும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். முடிந்ததும் காய்ந்த சுண்ணாம்புத் தூளில் புதைத்து, மறுநாள் வரை தொடாதீர்கள்.

இனிதான் பொறுமை வேலை. வெளிவிட்டத்தை, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் அளவு. 132 மி.மீ. விட்டம், 64 பல் என்றால் 132-ஐ 66-ஆல் வகுக்க, 2. பல்லின் ஆழம் மாட்யூலைப் போல 2.25 மடங்கு, அதாவது 4.5 மி.மீ. விடை 2.54 என்று வந்தால் பயப்படாதீர்கள்; அது அங்குலக் கணக்கில் 10 டி.பி. (டயமெட்ரல் பிட்ச், ஒரு அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்ற அளவு). டிவைடிங் ஹெட் (சக்கரத்தைச் சம பாகங்களாகத் திருப்பும் கருவி) இருந்தால், நல்ல பல்லிடுக்கின் வடிவத்துக்கு ஒரு ஃப்ளை கட்டரை (ஒற்றை முனை கொண்டு சுற்றி வெட்டும் கருவி) தீட்டி வெட்டலாம். இல்லையென்றால் மெல்லிய தகட்டை நல்ல இடுக்கில் கச்சிதமாக உட்காரும்படி அராவி கேஜ் செய்துகொள்ளுங்கள். அதை வைத்துப் பார்த்துப் பார்த்து அராவுங்கள். கடைசியில் ஜோடி கியரில் மார்க்கிங் நீலம் தடவி, கையால் முழுச் சுற்று சுற்றுங்கள். நீலம் எங்கே அழுத்தமாக ஒட்டுகிறதோ அங்கே மட்டும் அரம்.

ஒரே பல் போயிருந்தால் நெருப்பே வேண்டாம். மாட்யூல் 2-க்கு எம்3 டேப் (3 மி.மீ. மரை) போட்டு, மூன்று நான்கு ஸ்டட்களை (தலையில்லாத மரைக் கம்பிகள்) வரிசையாக இறுக்கி, பல் வடிவத்துக்கு அராவினாலே இலகு வேலைக்கு ஓடும்.

பல் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சக் (வேலைப் பொருளைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) கழலாதபோது பேக் கியரைப் போட்டு ஸ்பிண்டிலை (சக் மாட்டியிருக்கும் தண்டு) பூட்டி, சக்கைத் தட்டுவது பலருக்கும் பழக்கம். அந்த அடி முழுவதும் ஓரிரு பல்லில் இறங்கும். நானும் அப்படித்தான் ஒன்றை உடைத்தேன். அடுத்த முறை புல்லியைத் தோல் வாரால் இறுக்கிப் பிடித்து, சக்கில் நீளமான கம்பியைக் கடிக்கவிட்டு, மரச் சுத்தியலால் தட்டுங்கள்.