ரசத்தில் கோதுமையா? குளூட்டன் ஒதுக்குவோருக்கான கேள்வி பதில்

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஐந்து வயது. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்ற சில தானியங்களில் இருக்கும் புரதம். சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் சிறுகுடல் சேதமாகும். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். இடையில் பட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை, ரிப்போர்ட் சந்தேகங்களை உங்கள் டாக்டரிடம் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்களைச் சந்தேகங்களை என்னிடம் கேளுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு நேற்றுத்தான் ரிசல்ட் வந்தது. சப்பாத்தி, பரோட்டா, பிரெட்டை நிறுத்திவிட்டால் போதும்தானே? நாங்கள் பெரும்பாலும் இட்லி தோசைதான்.

பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். கோதுமை நம் வீட்டில் பல பெயர்களில் இருக்கிறது. மைதா, ரவை, சேமியா மூன்றுமே கோதுமைதான். ஆகவே ரவா தோசை, கேசரி, சேமியா பாயசம் கூடாது. மாட்டிக்கொள்ள வைப்பது சம்பா ரவை. சம்பா என்றதும் அரிசி என்று நினைத்து, முதல் மாதமே என் மாமியார் அன்போடு உப்புமா கிண்டிக் கொடுத்தார். அது சம்பா கோதுமை. பார்லியும், ரை என்ற தானியமும்கூட விலக்க வேண்டியவை. ரை நம் பக்கம் அதிகம் இல்லை, பார்லிக் கஞ்சி உண்டு.

மற்றபடி பயப்படாதீர்கள். அரிசி, அவல், பொரி, எல்லாப் பருப்பும், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, ஜவ்வரிசி, கிழங்கு, காய், பழம், பால், முட்டை, மீன், கறி எல்லாமே இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. பஞ்சாபில் இருக்கும் ஓர் அம்மாவோடு ஒப்பிட்டால் நமக்கு வேலை எவ்வளவோ குறைவு.

சென்னையிலிருந்து: பெருங்காயத்தில்கூடக் கோதுமை இருக்கிறது என்கிறார்களே, நிஜமா? ஒரு சிட்டிகைதானே போடுகிறோம்?

நிஜம். பெருங்காயம் என்பது ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்குக் காரமாகவும் ஒட்டலாகவும் இருக்கும். அதனால் கருவேலம் பிசின் வகையும் மாவும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். பல கம்பெனிகளில் அந்த மாவு கோதுமை அல்லது மைதா. கட்டியும் தூளும் இரண்டும் அப்படித்தான். சிலர் அரிசி மாவு சேர்க்கிறார்கள், டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். உதிரியாக அள்ளித் தந்து "சுத்தமானதும்மா" என்று சொன்னால் வாங்காதீர்கள். அட்டை இல்லாத பொருளில் எதைப் படிப்பது?

சிட்டிகைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழம்புக்குக் கால் கிராம், அதில் பாதி கோதுமை மாவு என்று வையுங்கள். கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் அந்தப் பாத்திரத்தில் 12 மில்லிகிராம், நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 3. சீலியாக் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானோரின் குடலுக்குச் சேதம் வராது என்பதுதான் பொதுவான கணிப்பு. சாம்பார், ரசம், மோர் மூன்றிலும் போட்டால் 9 வந்துவிட்டது. தினமும் என்றால் இது சிட்டிகை விஷயம் இல்லை.

இதே காரணத்தால் சாம்பார் பொடி, ரசப் பொடி, அப்பளம், ஊறுகாய், புளியோதரை மிக்ஸ், கடை முறுக்கு எல்லாவற்றிலும் பெருங்காயத்தைத் தேடுங்கள். வெறும் "பெருங்காயம்" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வாங்குவதில்லை.

திருப்பூரிலிருந்து ஒரு அப்பா: ஆறு மாதமாக வெளிச்சாப்பாடே இல்லை. ஆனாலும் மகளின் ரத்தப் பரிசோதனையில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு சரியாக இறங்கவில்லை.

எண்கள் மெதுவாகத்தான் இறங்கும். சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் ஆகும், அதை டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் ஒரு கேள்வி: அரிசி மாவு எங்கே அரைக்கிறீர்கள்?

எங்களுக்கும் இதே கதை. வீட்டில் கோதுமையே கிடையாது, அப்படியும் எண் இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால் இடியாப்ப மாவு தெரு முனை மில்லில் அரைத்தது. எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் ஐந்து கிலோ கோதுமை கொட்டியிருப்பார். கல்லிலும் துணிக் குழாயிலும் தங்கியதெல்லாம் என் அரிசியோடு இறங்கியிருக்கிறது. மில்காரர் மேல் தப்பில்லை, அவருக்கு மாவு மாவுதான். காலையில் முதல் ஆளாகப் போனாலும் நேற்றைய மாவு உள்ளேதான் இருக்கும்.

இப்போது அரிசியைக் கழுவி, துணியில் உலர்த்தி, மிக்சியில் அரைத்துச் சலிக்கிறேன். தனி ஜார், தனிச் சல்லடை. சிறுதானியமும் முழுதாக வாங்கி, வேறு மணி கலந்திருக்கிறதா என்று தாம்பாளத்தில் பரப்பிப் பார்த்துவிட்டுக் கழுவி அரைப்பேன். உதிரிக் கடலை மாவு வேண்டாம், கடலைப்பருப்பு வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு வீட்டுக் கிரைண்டரில் என்றால் கவலை இல்லை.

தஞ்சாவூரிலிருந்து: என் மாமியார், "இதெல்லாம் வடநாட்டு நோய், இப்போ வந்த ஃபேஷன்" என்கிறார். என்ன பதில் சொல்வது?

வடக்கே அதிகம் என்பதில் அவர் சொல்வது சரி. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களின் ரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும், தெற்கே 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஆயிரத்தில் ஒருவர் என்றாலும் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் இருக்கிறது பாருங்கள். இதற்குத் துணைபோகும் மரபணு வகைகள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. வித்தியாசம் தட்டில் இருந்தது. தெற்கே கோதுமை சாப்பிடும் அளவு மிகக் குறைவு. இப்போது இரவு என்றாலே சப்பாத்தி பரோட்டா என்றாகிவிட்டது.

ஃபேஷன் என்பதுதான் தப்பு. லண்டனில் சாமுவேல் ஜீ என்ற டாக்டர் 1888-லேயே இந்த நோயை விவரித்துவிட்டார். கோதுமைதான் காரணம் என்று காட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்தக் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். ஊரே பட்டினி கிடந்த காலத்தில் இவர்கள் மட்டும் தேறினார்கள் என்பது எனக்கு இன்றும் மனதைப் பிசையும் விஷயம்.

கோவையிலிருந்து: ஓட்ஸ்?

ஓட்ஸில் இருக்கும் புரதம் வேறு. பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஆகாது. ஆனால் சாதாரண ஓட்ஸில் வயலிலிருந்தே கோதுமையும் பார்லியும் கலந்துவிடும். குளூட்டன் இல்லை என்று அச்சிட்டது மட்டும், அதுவும் நோய் அடங்கிய பிறகு டாக்டரைக் கேட்டு. நாங்கள் சேர்ப்பதே இல்லை. அவல் இருக்கும்போது ஓட்ஸ் எதற்கு?

விழுப்புரத்திலிருந்து: குழந்தைக்குப் பாலில் கலக்கும் மால்ட் பவுடர் கொடுக்கலாமா? சத்துமாவு?

பிரபலமான மால்ட் பானங்களில் முளைகட்டிய பார்லி அல்லது கோதுமை இருக்கும். கூடாது. கடைச் சத்துமாவில் கோதுமையும் பார்லியும் வழக்கமாகவே உண்டு, வீட்டில் அவையில்லாமல் அரைத்துக்கொள்ளுங்கள். ராகி மால்ட் என்ற பெயரில் வருவதையும் படித்துவிட்டு வாங்குங்கள். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று பார்த்துப் பதற வேண்டாம், அது வேறு.

சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அக்கா, பாக்கெட்டில் எதைப் பார்க்க வேண்டும்? பச்சைப் புள்ளி இருந்தால் போதுமா?

பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்லும் தம்பி. மைதா பிஸ்கட்டிலும் அது இருக்கும். நம் நாட்டு விதிப்படி, "குளூட்டன் இல்லை" என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 20 முதல் 100 வரை இருந்தால் அது "குறைந்த குளூட்டன்", உங்களுக்கு ஆகாது. "கோதுமை இல்லை" என்பது இரண்டிலும் சேராது, பார்லி இருக்கலாம். பொருட்பட்டியலின் கீழே ஒவ்வாமை வரி இருக்கும், முதலில் அங்கே கண்ணை ஓட்டுங்கள். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு, ஆகவே ஃபாஸ்ட் ஃபுட் ஃப்ரைடு ரைஸ் அரிசியாக இருந்தும் கூடாது. போன முறை வாங்கியதுதானே என்று படிக்காமல் எடுக்காதீர்கள், கம்பெனி கலவையை மாற்றியிருக்கும்.

அதே மாணவர்: ஹாஸ்டல், ஹோட்டல் என்றால்?

"குளூட்டன்" என்று சொன்னால் சர்வர் குளுக்கோஸ் கொண்டுவருவார். எனக்கு நடந்தது. "கோதுமை, மைதா, ரவை ஆகாது, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிடும்" என்று கொஞ்சம் மிகைப்படுத்தியே சொல்லுங்கள்.

தோசை அரிசிதான், ஆனால் அந்தக் கல்லில் சற்றுமுன் ரவா தோசை வெந்திருக்கும். பரோட்டாக் கல்லில் போட்ட ஆம்லெட்டும் அப்படியே. பஜ்ஜி, வடை எண்ணெயில் மைதா போண்டா பொரித்திருப்பார்கள். சாம்பாரில் பெருங்காயம். குருமாவைக் கெட்டியாக்கச் சில இடங்களில் மைதா கரைத்து ஊற்றுவதுண்டு. மிஞ்சுவது ஆவியில் வெந்த இட்லி, வெறும் சாதம், தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம். கையில் ஒரு டப்பா பருப்புப் பொடியும் சின்ன பாட்டில் நல்லெண்ணெயும் இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம். ஹாஸ்டலில் சமையல் மாஸ்டரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள், வார்டனைவிட அவர்தான் முக்கியம். சப்பாத்தி எடுக்கும் இடுக்கி உங்கள் தட்டுக்கு வரக் கூடாது.

தூத்துக்குடியிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு வரும் மே மாதம் புதுநன்மை, பூசையில் முதல்முறையாக நற்கருணை வாங்குகிறாள். நற்கருணை அப்பம் கோதுமை ஆயிற்றே?

கத்தோலிக்க முறைப்படி அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும், குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது. 2017-இல் வத்திக்கான் இதைத் திரும்பவும் உறுதிசெய்தது. ஆனால் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு, திராட்சை இரசத்தை மட்டும் வாங்குவதற்கும் உண்டு. பங்குத்தந்தையிடம் இப்போதே பேசுங்கள். இரசம் என்றால் தனிக் கிண்ணம் கேளுங்கள், பலிபீடத்துக் கிண்ணத்தில் குருவானவர் அப்பத்துண்டு ஒன்றை இடுவார்.

டொரொன்டோவிலிருந்து: அக்கா, மகனுக்குச் சீலியாக். கடையில வாங்கிற இடியப்பம், புட்டு அரிசி மா தானே, குடுக்கலாமோ?

கேட்காமல் கொடுக்க வேண்டாம். அவித்த கோதுமை மாவில் இடியப்பமும் புட்டும் செய்வது உங்கள் இலங்கைப் பக்கம் வழக்கம்தானே, கடைகளில் கலந்தும் செய்வார்கள். கனடாவில் பாக்கெட் உணவில் குளூட்டன் தரும் தானியத்தை எழுதியாக வேண்டும், ஆனால் தட்டில் அடுக்கி விற்பதில் அந்த அட்டை இருக்காது. வீட்டில் அரிசி மா, குரக்கன் (கேழ்வரகு) மா, ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மா என்றால் நல்லது. பிளேன்டீ, சம்பல் பிரச்சினை இல்லை.

பெயர் சொல்லாத ஒருவர்: நோய் எதுவும் இல்லை. எடை குறைக்க நானும் குளூட்டனை விடலாமா?

வயிறு உப்பல், ரத்தசோகை ஏதாவது இருந்தால் விடுவதற்கு முன்னால் பரிசோதனை செய்துவிடுங்கள். கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் ரத்தத்தில் தடயம் மறைந்து ரிசல்ட் தப்பாக வரும். எதுவும் இல்லையென்றால் இந்தத் தொல்லை உங்களுக்கு வேண்டாம்.

நெல்லையிலிருந்து: இனிப்பு ஒன்றுமே கிடையாதா?

உங்கள் ஊர் அல்வா கிடையாது, மன்னிக்கவும். அது கோதுமைப் பால். பாதுஷா, சோமாசி, குலாப் ஜாமூன், ஜிலேபியும் வேண்டாம். ஜாங்கிரி உளுந்து, மைசூர்பாகு கடலை மாவு, அதிரசம் பச்சரிசி. இவற்றை வீட்டில் செய்யுங்கள், கடையில் எண்ணெயும் கையும் பொது. பால்கோவா, எள்ளுருண்டை, கடலை மிட்டாய் உண்டு.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: பள்ளியில் யார் பிறந்தநாள் என்றாலும் கேக் வருகிறது. யு.கே.ஜி. படிக்கும் பிள்ளை அழுகிறான்.

வகுப்பு டீச்சரிடம் ஒரு டப்பா கடலை மிட்டாய் கொடுத்து வையுங்கள், அவன் பெயர் எழுதி. கேக் வெட்டும் அன்று டீச்சரே திறந்து கொடுக்கட்டும். மாதம் ஒருமுறை காலியாகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டு டப்பா வாரா வாரம் காலியானது. மற்ற பிள்ளைகளும் கேக்கை விட்டுவிட்டு அதற்குக் கை நீட்டியிருக்கிறார்கள்.